கார் தின்கிற யூனிட் எந்த ஸ்லாபில் விழுகிறது?

வாளையாறு முதல் கோபாலபுரம் வரை கேரள-தமிழ்நாடு எல்லையோரத்தில் இப்போது இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வருகின்றன. மாடியில் சோலார் பேனல், வாசலில் பச்சை நம்பர் பிளேட் எலக்ட்ரிக் கார். கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் சோலார் போட்டுத்தருகிறவர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: "மாசம் ஏழாயிரம் பெட்ரோல் மிச்சம், ரெண்டு வருஷத்துல பேனல் காசு வந்துடும்."

இந்தக் கணக்கு தப்பு. பெட்ரோல் மிச்சம் காருடையது. பேனல் போடாமல் கேரள மின்வாரியத்தின் (கே.எஸ்.இ.பி.) கரண்டிலேயே சார்ஜ் செய்தாலும் அதில் பெரும்பகுதி மிச்சமாகத்தான் போகிறது. பேனலுக்கு உரியது, வாரியத்துக்குக் கட்டியிருக்க வேண்டிய பணத்துக்கும் பேனல் யூனிட்டின் அடக்க விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். ஒரே ஏழாயிரத்தைக் கார் வாங்கும்போது ஒரு தடவை, பேனல் வாங்கும்போது இன்னொரு தடவை எண்ணக் கூடாது.

இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம். பாலக்காட்டிலிருந்து கோவைக்குச் சுமார் 50 கிலோமீட்டர் என்று வைத்தால், மாதம் பத்து தடவை போய்வருகிற அளவு. பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கொடுத்தால் 67 லிட்டர், கேரளப் பக்க விலையில் ஏறக்குறைய 7,000 ரூபாய். எலக்ட்ரிக் காருக்குச் சுவரிலிருந்து எடுக்கும் யூனிட்டில் கணக்குப் பார்க்க வேண்டும், பேட்டரியில் ஏறிய யூனிட்டில் அல்ல. ஏசி சார்ஜிங்கில் பத்து முதல் பதினைந்து சதவீதம் சூடாகப் போய்விடும். அதையும் சேர்த்தால் சின்ன வண்டிகள் யூனிட்டுக்கு ஏழு, எட்டு கிலோமீட்டர் வரும். கொஞ்சம் பெரிய எஸ்.யு.வி. ஆறு, ஆறரை. நடுவாக எடுத்தால் 1,000 கிலோமீட்டருக்கு 150 யூனிட். இந்த 150-தான் கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை.

யூனிட்டுக்குப் பதினொரு ரூபாய்

"கே.எஸ்.இ.பி. யூனிட் ஏழு ரூபா, 150 யூனிட்டுக்கு ஆயிரத்து சொச்சம்" என்று போடுவதுதான் அடுத்த தப்பு. கார் தனியாகக் கரண்ட் வாங்குவதில்லை. வீடு ஏற்கெனவே எரித்த யூனிட்டுகளின் தலைக்கு மேல் போய் உட்காருகிறது.

2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த கே.எஸ்.இ.பி. வீட்டு விகிதத்தில், மாதம் 250 யூனிட் வரை யூனிட் விலை படிப்படியாக, ஸ்லாப் ஸ்லாபாக, ஏறும்: முதல் 50 யூனிட் 3.35, அடுத்த 50 யூனிட் 4.25, பிறகு 5.35, 7.20, 8.50. 250-ஐத் தாண்டினால் படிக்கட்டு இல்லை. முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விகிதம்: 300 வரை 6.75, 350 வரை 7.60, 400 வரை 7.95, 500 வரை 8.25, அதற்கு மேல் 9.20. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் தாளில் இந்த எல்லைகள் இரட்டிப்பாகத் தெரியும். 250 என்பது 500.

இதைக் கையால் ஒரு தடவை போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். சரியாக 250 யூனிட் என்றால் எனர்ஜி சார்ஜ், அதாவது எரித்த யூனிட்டுக்கான தொகை, 1,432.50 ரூபாய். 251 ஆனால் 251 பெருக்கல் 6.75, அதாவது 1,694.25. அந்த ஒரு யூனிட்டின் விலை 261 ரூபாய் 75 காசு. 300-லிருந்து 301-க்குப் போகும்போதும் இதே மாதிரி 262 ரூபாய் 60 காசு விழும்.

இப்போது வீடு மாதம் 200 யூனிட் எரிக்கிறது என்று வைப்போம். பிரிட்ஜ், மோட்டார், கோடையில் ஒரு ஏசி உள்ள சாதாரண வீடு. எனர்ஜி சார்ஜ் 1,007.50. கார் வந்து 150 சேர்ந்தால் 350 யூனிட், 7.60 விகிதத்தில் 2,660. கூடியது 1,652.50. அதை 150-ஆல் வகுத்தால் காரின் யூனிட் விலை 11 ரூபாய். மேலே பத்து சதவீத எலக்ட்ரிசிட்டி டூட்டி சேர்த்தால் 12 ரூபாய் 10 காசு. பில்லில் எங்கேயும் பன்னிரண்டு ரூபாய் என்று அச்சாகியிருக்காது. ஆனால் கார் இல்லாத பில்லையும் கார் உள்ள பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுதான் உண்மை.

அப்படியும் கார் லாபம்தான். மாதம் சுமார் 1,800 ரூபாய் கரண்ட், பெட்ரோலுக்கு 7,000. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் எண்பது காசு. சோலார் இல்லாத வீட்டுக்காரர் அதனாலேயே எலக்ட்ரிக் காரை ஒத்திப்போட வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஒரு கெட்ட பழக்கம் உடனே காசைத் தின்னும். 250 யூனிட்டுக்கு மேல் போகும் வீடுகளுக்கு நேரக் கணக்கு உண்டு. காலை 6 முதல் மாலை 6 வரை பத்து சதவீதம் குறைவு, மாலை 6 முதல் இரவு 10 வரை இருபத்தைந்து சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் காலை 6 வரை சாதா விகிதம். 7.60 என்பது பகலில் 6.84, மாலையில் 9.50. வேலை முடிந்து ஆறரைக்கு வீட்டுக்கு வந்ததும் கேபிளைச் சொருகுகிறவர், 150 யூனிட்டுக்குப் பகலில் சார்ஜ் செய்கிறவரைவிட மாதம் 400 ரூபாய் கூடக் கட்டுகிறார். காரின் ஆப்பிலேயே, அல்லது வண்டிக்குள் இருக்கும் திரையிலேயே, சார்ஜிங் நேரத்தை இரவு பத்தரைக்கு வைக்கலாம். இரண்டு நிமிட வேலை.

தமிழ்நாட்டுப் பக்கம், பொள்ளாச்சி வழியில் வீடு இருந்தால் கணக்கின் உருவமே வேறு. அங்கே 2024 ஜூலையில் வந்த விகிதத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 400 வரை 4.80, 401 முதல் 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65. மொத்தம் 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரைக்குக் கிடைத்த சலுகை விகிதமும் போய்விடும். அதே வீடு, அதே கார்: இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் 700 ஆகும்போது கூடுவது சுமார் 2,700 ரூபாய். 300 யூனிட்டுக்குப் பிரித்தால் ஒன்பது ரூபாய். கேரளத்தைவிடக் குறைவு. அதனால்தான் ஒரே பேனல், ஒரே கார் எல்லைக்கு இந்தப் பக்கம் சீக்கிரம் காசைத் திருப்புகிறது, அந்தப் பக்கம் கொஞ்சம் மெதுவாக.

எத்தனை கிலோவாட்

கார் வாங்கிவிட்டோம் என்று சொன்னதும் "அப்ப அஞ்சு கிலோவாட் போட்டுரலாம்" என்பார்கள். மேலே சொன்ன வீட்டுக்கு அது வேண்டாம். மூன்று போதும். ஏன் என்று பார்க்கலாம்.

பாலக்காட்டின் கிழக்குப் பகுதி, சித்தூர் தாலுக்கா, மலையாளக் கரையின் மற்ற இடங்களைவிட வறண்டது. வெயில் அதிகம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலரை யூனிட்கூட வரும். இடவப்பாதி மழை இறங்கிய ஜூன், ஜூலையில் இரண்டு, இரண்டரைக்கு இறங்கிவிடும். வருடச் சராசரி மூன்றரையை ஒட்டி. அதனால் 3 கிலோவாட்டுக்கு மாதம் 320 யூனிட் என்று வைப்பது பத்திரமான கணக்கு. விற்பவர் 360 என்பார். பிப்ரவரி மாதத்துக்கு அது சரி.

வீடு 200, கார் 150, சேர்த்து 350. அதில் 320 போனால் பில்லுக்கு மிஞ்சுவது 30 யூனிட், 3.35 விகிதத்தில் நூறு ரூபாய். மாதம் 2,660 கட்ட வேண்டிய இடத்தில் 100. டூட்டியோடு மிச்சம் சுமார் 2,800, வருடத்துக்கு 33,800. ஃபிக்ஸட் சார்ஜையும் நேரக் கணக்கையும் இதில் தொடவில்லை. 3 கிலோவாட்டுக்கு இன்றைய விலை ஏறக்குறைய இரண்டு லட்சம். 2024-இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தின் மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000. கையிலிருந்து போவது ஒன்றேகால் லட்சத்துக்குப் பக்கம். நாலு வருடத்துக்குள் திரும்பிவிடும்.

இதே வீட்டில் கார் இல்லை என்றால்? 200 யூனிட்டின் பில் டூட்டியோடு 1,108 ரூபாய்தான். முழுசாகப் பூஜ்யமாக்கினாலும் வருடத்துக்கு 13,300. அதே ஒன்றேகால் லட்சம் திரும்ப ஒன்பது வருடத்துக்கு மேல். கார் வந்ததால் பேனலின் ஆதாயம் இரண்டரை மடங்கு. காருக்குச் சோலார் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் இதைத் திருப்பிச் சொல்வேன். சின்ன பில் வீட்டில் சோலாரை லாபமாக்குவதே கார்தான்.

சரி, மூன்றுக்குப் பதில் நாலரை போட்டால்? கூடுதல் ஒன்றரை கிலோவாட்டுக்கு மானியம் கிடையாது; எழுபத்தைந்தாயிரம், எண்பதாயிரம் ஆகும். அது அழிக்க வேண்டிய பில் 30 யூனிட், நூறு ரூபாய். மிச்சமெல்லாம் பேங்கில், அதாவது வாரியம் நம் பெயரில் வைக்கும் யூனிட் கணக்கில், சேர்ந்து, வருடக் கடைசியில் யூனிட்டுக்கு மூன்று ரூபாய்க்குச் சற்று முன்பின்னாக வாரியம் தரும் பணம். போட்ட காசு திரும்பப் பதினைந்து வருடம் ஆகலாம். ஏற்கெனவே 3 கிலோவாட் வைத்து பில்லைப் பூஜ்யமாக்கியிருக்கும் வீட்டில் புதிதாகக் கார் வந்தால் நிலைமை இரண்டுக்கும் நடுவில். காரின் 150 யூனிட் அடிப்படிகளில் விழும்: 3.35, 4.25, 5.35. மொத்தம் 647.50, டூட்டியோடு யூனிட்டுக்கு 4.75. அந்த 150-க்காக ஒன்றரை கிலோவாட் கூட்டினால் வருடம் 8,550 ரூபாய் மிச்சம், ஒன்பது வருடம் பிடிக்கும். அந்த வீட்டுக்காரருக்கு நான் சொல்வது: அவசரப்படாதீர்கள், ஒரு வருடம் பில்லைப் பாருங்கள்.

ஆக, பேனல் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது "கார் எத்தனை யூனிட் தின்னும்" என்பதல்ல. அந்த யூனிட் பில்லில் எந்தப் படியில் விழும் என்பது. கடந்த பன்னிரண்டு மாத பில்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் 300 யூனிட் கூட்டி மறுபடி போட்டுப் பாருங்கள். ஆறே ஆறு பில்தான். அரை மணி நேரம்.

தமிழ்நாட்டுப் பக்கத்துக்கும் ஒரு வரி: இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டில் 640 போனால் மிஞ்சும் 60, இலவச நூறுக்குள் அடங்கிவிடும். 3,900 ரூபாய் பில் மறையும், வருடத்துக்கு 23,400. ஐந்தரை வருடக் கணக்கு. வாரியம் நெட்வொர்க் கட்டணம் போட்டால் அதைக் கழித்துக்கொள்ளவும். அங்கே இலவச நூறுக்கும் கீழே பில்லை இறக்க ஒரு பேனல்கூட அதிகம் போடாதீர்கள், அதற்குப் பயனே இல்லை.

பேனல் யூனிட்டின் அடக்க விலையையும் போட்டுவிடலாம், "சும்மா கிடைக்குது" என்கிற பேச்சு ஓயட்டும். இருபது வருடத்தில், தேய்மானம் போக, சுமார் 72,000 யூனிட். செலவு ஒன்றேகால் லட்சம், நடுவில் ஒரு தடவை இன்வெர்ட்டர் மாற்ற முப்பத்தைந்து, நாற்பதாயிரம், சில்லறைப் பராமரிப்பு பதினைந்தாயிரம். யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய். ஆறு சதவீத வட்டியில் பத்து வருடக் கடன் என்றால் மூன்று. கிலோமீட்டருக்கு நாற்பது, நாற்பத்தைந்து காசு. நெடுஞ்சாலை டிசி சார்ஜரில் பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி.யோடு யூனிட் இருபது ரூபாய்க்குப் பக்கம் போகும், கிலோமீட்டருக்கு மூன்று. வீட்டில் சார்ஜ் செய்ய முடியாதவர் இந்த விலையைத்தான் பெட்ரோலோடு ஒப்பிட வேண்டும்.

வெயில் இருக்கும்போதுதான் சார்ஜ் செய்ய வேண்டுமா

நெட் மீட்டர் உள்ள வீட்டில் கட்டாயமில்லை. பகலில் போன யூனிட் எக்ஸ்போர்ட்டில் ஏறும், இரவில் கார் எடுத்தது இம்போர்ட்டில் ஏறும், பில் வித்தியாசத்துக்கு வரும். பகலெல்லாம் கோவையில் வண்டி நிற்கிற ஆளுக்கும் சோலார் பயன்படுவது இதனால்தான். மீட்டர் திரையில் எண்கள் தானாக மாறிக்கொண்டே வரும். இம்போர்ட், எக்ஸ்போர்ட் இரண்டையும் மாதம் ஒரு தடவை படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் பேங்க் என்று வரும் எண் சரியா என்று பார்க்க வேறு வழி இல்லை.

கேரளத்தில் பேங்க் கணக்கு மார்ச் 31-இல் முடியும். ஏப்ரல், மே என்று ஏசி ஓடும் மாதங்களுக்கு முன்னாலேயே சேமிப்பு துடைக்கப்படுகிறது என்பது சோலார் வைத்த எல்லாருக்கும் உள்ள ஆதங்கம், நியாயமானதுதான். கார் இருந்தால் இதில் கொஞ்சம் தப்பலாம். பிப்ரவரி பில்லில் பேங்கில் இருநூறு, முந்நூறு கிடந்தால், மார்ச் மாதம் முழுக்க வெளியே எங்கேயும் சார்ஜ் செய்யாமல் வீட்டிலேயே நிரப்புங்கள். மூன்று ரூபாய்க்குப் போக வேண்டிய யூனிட், வெளியே இருபது ரூபாய்க்கு வாங்கியிருக்க வேண்டிய யூனிட்டுக்குப் பதிலாக நிற்கும்.

வெயிலைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் சோலார் சார்ஜர் என்று ஒன்று விற்கிறார்கள். மெயின் லைனில் ஒரு சி.டி. வளையத்தை மாட்டி, எவ்வளவு வெளியே போகிறது என்று அளந்து, அந்த அளவுக்கு மட்டும் காருக்கு விடும். சார்ஜர் காரிடம் பேசுகிற விதம் எளிமையானது. பைலட் கம்பியில் நொடிக்கு ஆயிரம் தடவை விட்டு விட்டு ஒரு சிக்னல் போகும். அது 'ஆன்' ஆக இருக்கும் பங்கு பத்து சதவீதம் என்றால் 6 ஆம்ப், பதினாறே முக்கால் என்றால் 10 ஆம்ப், இருபத்தாறே முக்கால் என்றால் 16 ஆம்ப் எடுத்துக்கொள் என்று அர்த்தம். ஆறுக்குக் கீழே கிடையாது. 6 ஆம்ப் என்றால் 230 வோல்ட்டில் 1.4 கிலோவாட். 3 கிலோவாட் பேனல் உள்ள வீட்டில் மேகம் ஒன்று கடந்தாலே உபரி இதற்குக் கீழே போய்விடும், சார்ஜர் நிற்கும், மறுபடி ஓடும். நாளெல்லாம் ரிலே டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கும். அதோடு கார் விழித்திருக்கும்போது அதன் உள் எலக்ட்ரானிக்ஸே இருநூறு, முந்நூறு வாட் எடுக்கும். 3.3 கிலோவாட்டில் இது தெரியாது. 1.4 கிலோவாட்டில் ஆறில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். நெட் மீட்டர் உள்ளவருக்கு இந்தச் சார்ஜர் தேவையே இல்லை. எக்ஸ்போர்ட்டுக்கு மலிவு விலை மட்டும் கிடைக்கும் இணைப்புக்கும், பேட்டரி சேர்ந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வைத்தவருக்கும்தான் அது.

வீட்டு பேட்டரியில் சேர்த்துக் காருக்கு ஊற்றுவதும் அதே மாதிரி வீண் செலவு. 5 யூனிட் லித்தியம் பேட்டரி ஒரு லட்சத்தைத் தாண்டும், காரை முப்பது கிலோமீட்டர் ஓட்டும். கரண்ட் போனால் விளக்குக்கும் விசிறிக்கும் அதை வையுங்கள். சாதா ஆன்கிரிட் இன்வெர்ட்டர், லைன் போன அடுத்த நொடி தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிர் அதில் இருக்கிறது. "வெயில் இருக்கே, ஏன் கார் ஏறலை" என்று கேட்பதற்குப் பதில் இதுதான்.

பிளக், எர்த், வோல்டேஜ்

காரோடு வரும் பெட்டி சார்ஜரைப் பழைய 15 ஆம்ப் சாக்கெட்டில் சொருகுவதுதான் நடைமுறையில் அதிகம் கெடுதல் செய்கிறது. அந்த சாக்கெட் கீசருக்காக வைத்தது. கீசர் இருபது நிமிடத்தில் நின்றுவிடும். கார் ஆறேழு மணி நேரம் விடாமல் இழுக்கும். உள்ளே இருக்கும் பித்தளைப் பட்டை தளர்ந்திருந்தால் அங்கே சூடு, சூட்டில் இன்னும் தளர்வு. முதல் வாரம் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். கழற்றிப் பார்த்தால் ஒரு பின் மட்டும் தேன் நிறத்துக்கு மாறியிருக்கும், பெரும்பாலும் ஃபேஸ் பக்கம். அந்த சாக்கெட்டைத் தூர எறியுங்கள். நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட், மீட்டர் போர்டிலிருந்து காருக்கென்றே தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 20 ஆம்ப் சி டைப் எம்.சி.பி. சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் 6 சதுர மில்லிமீட்டர், இருபது மீட்டருக்கு மேல் ஓடினால் 10. இதில் சேமிக்கும் ஆயிரம் ரூபாயை மறந்துவிடுங்கள்.

7.2 தேவையா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். கேரளத்தில் சிங்கிள் ஃபேஸ் 5 கிலோவாட் இணைப்பு வரைதான். 7.2 வைத்தால் மூன்று ஃபேஸுக்கு மாற வேண்டும், ஃபிக்ஸட் சார்ஜ் நிரந்தரமாகக் கூடும். நாளைக்கு 5 யூனிட் ஏற்ற 3.3 கிலோவாட்டில் ஒன்றரை மணி நேரம் போதும். வாரத்துக்கு ஒரு தடவை நிரப்புகிறவருக்கும் பத்து, பதினொரு மணி நேரம் போதும்.

லீக்கேஜ் பாதுகாப்புக்கு வீட்டில் சாதாரணமாக இருக்கும் ஏ.சி. டைப் ஆர்.சி.சி.பி. காருக்குப் போதாது. டிசி கசிவு கலந்தால் அது குருடாகிவிடும். விழ வேண்டிய நேரத்தில் விழாது. காரின் லைனுக்கு 30 மில்லி ஆம்ப் ஏ டைப் தனியாக வைத்து, 6 மில்லி ஆம்ப் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி சார்ஜருக்குள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சோலார் இன்வெர்ட்டரும் காரும் ஒரே ஆர்.சி.சி.பி.யில் இருந்தால் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும், பிரித்துவிடுங்கள்.

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்ச் மாதம் தொடங்கியதும் வரும் புகார்: "சார்ஜர்ல சிவப்பு லைட், வண்டி ஏறலை." சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன் எர்த் குழியைப் பாருங்கள். வறண்ட மண்ணில் எர்த் தடை ஏறிவிடும். கார் சார்ஜர் எர்த்தைச் சோதித்த பிறகுதான் கரண்ட் விடும், மிக்சியும் பிரிட்ஜும் அப்படிச் சோதிப்பதில்லை. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் ஒரு அளவு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஒரு அளவு எடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கோளாறு அங்கேதான். குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி அரை மணி கழித்து வண்டி ஏறினால் நோய் தெரிந்துவிட்டது. மருந்து, பென்டோனைட் களிமண் போட்ட புதுக் குழி, மூன்று மீட்டர் ஆழம். நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள் முறுக்கிவிட்டு "இப்ப ஓடுது பாருங்க" என்று காட்டுகிற ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட்.

வோல்டேஜ் இன்னொன்று. தோட்டத்து மோட்டார் லைன்களில் ராத்திரி 190, மோட்டார் எல்லாம் நின்ற மத்தியானம் 255. நாலு வீட்டில் சோலாரும் இருந்தால் மத்தியானம் இன்னும் ஏறும், இன்வெர்ட்டர் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' காட்டி நின்றுவிடும். நல்ல வெயில் நேரத்தில் உற்பத்தி போவது ஆப்பின் வரைபடத்தில் பல் விழுந்த மாதிரி தெரியும். முதலில் இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை ஓடும் கம்பியைப் பாருங்கள். நீளமும் மெலிவுமாக இருந்தால் வோல்டேஜ் அங்கேயே மூன்று நாலு ஏறும். கம்பி சரியென்றால் செக்‌ஷன் ஆபீசில் எழுதிக் கொடுத்து டிரான்ஸ்பார்மர் டேப்பை மாற்றி வோல்டேஜைக் குறைக்கச் சொல்லலாம். அதுவரை கைவசம் உள்ள மருந்து கார்தான்: பகல் பதினொன்றுக்கு மேல் சார்ஜுக்குப் போட்டால் வோல்டேஜ் இறங்கி இன்வெர்ட்டர் நிற்காமல் ஓடும்.

பேனல் மாட்டுவதில் இந்த ஊருக்கே உரிய இரண்டு விஷயம். பாலக்காட்டுக் கணவாயின் காற்று. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். ஆடிக் காற்றுக்கு மெலிந்த ஜி.ஐ. சட்டம் தாங்காது; கெமிக்கல் ஆங்கர் அடிக்காமல் வெறும் கான்கிரீட் கட்டையை வைத்துவிட்டுப் போக விடாதீர்கள். இந்த அட்சரேகைக்குப் பத்து, பன்னிரண்டு டிகிரி சாய்வு போதும். அவ்வளவு சின்ன சாய்வில் கிழக்கோ மேற்கோ பார்த்தாலும் இழப்பு சில சதவீதம்தான். தெற்கு பார்க்க வேண்டும் என்று உயரச் சட்டம் எழுப்பி இருபதாயிரம் கொடுக்க வேண்டாம். இரண்டாவது தென்னை. ஒரே ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலின் பாதியை அணைத்துவிடும். காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றரைக்கும் மாடியில் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள், டிசம்பரில் ஒரு தடவை, மார்ச்சில் ஒரு தடவை.

கழுவுவதற்குப் போர்வெல் தண்ணீர் வேண்டாம். கிழக்குப் பக்கத்துத் தண்ணீரின் உப்பு காய்ந்து கண்ணாடியில் வெள்ளைப் படலமாக ஒட்டும், பிறகு தேய்த்தாலும் போகாது. மழைத்தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, விடியற்காலையில், மெத்தென்ற துடைப்பத்தால். தையிலிருந்து பங்குனி வரை பதினைந்து நாளைக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் தேவையில்லை.

ஐப்பசி மழையோடு வரும் இடி இங்கே சாதாரணமில்லை. இடியில் பாயும் அதிக வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் எஸ்.பி.டி. பேனல் பக்கம் ஒன்று, மெயின் பக்கம் ஒன்று, இரண்டும் டைப் 2. அதன் சின்ன ஜன்னல் பச்சையாக இருக்கிறதா என்று ஒவ்வொரு இடி மழைக்குப் பிறகும் பாருங்கள். சிவப்பாகிவிட்டால் கேட்ரிட்ஜை மாற்ற வேண்டும். மதியம் வானம் கருத்தால் காரின் கேபிளைக் கழற்றி வையுங்கள். ஆன்போர்டு சார்ஜர் போனால் வரும் செலவுக்குப் பேனலின் இரண்டு வருட மிச்சமும் பத்தாது.